பார்க்காமல் எழுதிய சூடு

தாயி,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "கம்ப்யூட்டர் எவ்வளவு சூடு காட்டுது?" என்று கேட்டேன். "அறுபத்தெட்டுப்பா" என்றாய். கேட்ட மறுநொடியே சொன்னாய். உன் பக்கத்தில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் மாடி அறையில் இருக்கிறது என்று போன வாரம் நீதான் சொன்னாய். அடுப்படியில் நின்றுகொண்டு மாடியில் இருப்பதன் சூட்டை எப்படிச் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. உன் மாமியார் பக்கத்தில் இருந்திருக்கலாம், புது வீட்டில் உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து மனசு அந்தப் பதிலிலேயே நிற்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓர் இடத்தில் உட்கார்ந்து படி.

போர்ட் பிளேரில் நம் லம்பா லைன் வீட்டில் நீ அந்தக் கம்ப்யூட்டரைத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்து மேசையில் பரப்பி வைத்திருந்த நாள் ஞாபகம் இருக்கிறது. கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்கு அது போதும் என்றுதான் நினைத்தேன். நீயோ, "கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேல ஓட்டப்போறேன்பா. ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆகி முழுசா வெளிய வர ஏழு மணி நேரம் ஆகுது, அஞ்சா குறைச்சிடலாம்" என்றாய். அதற்குப் பெயர் ஓவர்கிளாக் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ அதைச் செய்த முறையைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டேன், வெளியே சொல்லவில்லை. ஒரே தாவாகத் தாவாமல் ஒரு படி ஏற்றுவாய். ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்து ஓட விடுவாய். திரையில் பிராசசரின் சூட்டைப் பார்த்து பழைய டைரியில் குறித்துக்கொள்வாய். அதற்கப்புறம்தான் அடுத்த படி. சும்மா இருக்கும்போது காட்டும் சூட்டை நம்பாதே, வேலை செய்யும்போது காட்டுவதுதான் நிஜம் என்று எனக்கே பாடம் நடத்தினாய். எழுபத்தாறைத் தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி, அறுபத்தெட்டில் நிறுத்தினாய். அந்த அறுபத்தெட்டு நம் வீட்டுச் சன்னலோரத்தில், கடல் காற்றில், மாதம் ஒருமுறை நான் பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிக் கொடுத்ததில் வந்த கணக்கு. தூத்துக்குடியில் மொட்டை மாடித் தட்டோட்டுக்கு நேர் கீழே இருக்கும் மாடி அறையில், பங்குனி வெயிலில், அதே வேகத்தில் அதே அறுபத்தெட்டு எப்படி வரும்? அதுவும் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று உன் மாமனார் அதற்கு மர அலமாரி செய்து கதவும் போட்டிருக்கிறார் என்கிறாய். மூன்று தடவை தானாக அணைந்தது என்கிறாய். சூடு கூடினால் கத்துகிற பீப் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய்.

ஹரி காக்குவின் வலது கையில் ஏன் விரல் இல்லை என்று சின்ன வயதில் என்னைக் கேட்டிருக்கிறாய். "மில்லுல அடிபட்டுச்சு" என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். உன் அண்ணன்கூட அப்போது பிறக்கவில்லை. நம் அந்தமானிலேயே, மாயாபந்தரிலிருந்து படகில் அரை நாள் போக வேண்டிய ஒரு தீவில் மரம் அறுக்கும் மில் ஒன்று இருந்தது. முதலாளி பரமக்குடிப் பக்கத்துக்காரர். எனக்கு அங்கே டீசல் இன்ஜின் ஓட்டும் வேலை. இன்ஜின் ஓட்டுகிறவனை அங்கே டிரைவர் என்பார்கள். இன்ஜினிலிருந்து நீளமான தோல் பெல்ட் ஒன்று போய் வட்ட ரம்பத்தைச் சுற்றும். ரம்பத்துக்கு மரத்தைத் தள்ளிக் கொடுக்கிற மிஸ்திரி ஹரிபதோ, அதாவது உன் ஹரி காக்கு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, சர்க்கார் கொடுத்த நிலத்தில் குடியேறியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நாங்கள் பேசிக்கொண்டது தீவு இந்தியில்தான். அவருக்குத் தமிழும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம், அவர் மீன் எனக்கு, என் ரசம் அவருக்கு.

அந்த வருஷம் மெயின்லேண்டிலிருந்து புதிதாகக் குடும்பங்கள் வந்து இறங்கியிருந்தன. குழந்தை குட்டியோடு தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தார்கள். மழை தொடங்குவதற்குள் அவர்களுக்கு வீடு கட்டப் பலகை வேண்டும். முதலாளி தினமும் வந்து, "இன்னும் நாலு மரத்தடி கூட அறுக்க முடியாதாடா?" என்பார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. முடியும் என்று காட்ட வேண்டும் என்று ஆசை. இன்ஜினின் வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைக்கிற கவர்னர் என்ற பாகத்தில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அதை முறுக்கினால் இன்ஜின் கம்பெனிக்காரன் சொன்னதற்கு மேலே சுற்றும். நான் முறுக்கினேன். ஆனால் சும்மா முறுக்கவில்லை தாயி, உன்னைப் போலத்தான் செய்தேன். கால் திருகு முறுக்குவேன், பெரிய தடியாகப் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பேன். கப்பல் இன்ஜின் அறையில் வேலை பார்த்த நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரிடம் வாங்கிய தெர்மாமீட்டரை இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் வெளியே வரும் குழாயில் பொருத்தியிருந்தேன். மணிக்கு ஒரு தடவை பார்த்து நோட்டில் பென்சிலால் எழுதுவேன். எழுபது, எழுபத்தொன்று. எண்பதைத் தொட்டால் ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேன். குளிர்விக்கும் தண்ணீர் பெரிய தொட்டியில் இருந்தது, நாலா என்கிற ஓடையிலிருந்து குழாய் வழியாக வரும். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கும், அதில் கட்டிய கம்பி இழுத்து ஒரு மணியை அடிக்கும். அந்த மணி என்னுடைய கைவேலை. முதலாளி ஊரையே கூட்டி வந்து காட்டினார். பலகை கூடுதலாக வந்தது. "நம்ம டிரைவர் கெட்டிக்காரன்" என்றார். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன். நானேதான் கெட்டேன்.

மூன்று மாதம் எழுபதையே பார்த்த கண்ணுக்கு அலுப்பு வந்துவிட்டது. போய்ப் பார்த்தாலும் எழுபதுதானே என்று, காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் ஆறு வரியையும் ஒரே மூச்சில் எழுதி வைக்கத் தொடங்கினேன். வேகம் கூடியதில் தரை அதிர்ந்து மிதவை ஆடும், தண்ணீர் இருக்கும்போதே மணி அடிக்கும். அடிக்கும்போதெல்லாம் ரம்பம் நிற்கும், ஆட்கள் முணுமுணுப்பார்கள். ஒரு நாள் கம்பியைத் தூக்கி ஆணியில் கட்டிவிட்டேன். அவிழ்க்க வேண்டும், அவிழ்க்க வேண்டும் என்று நினைத்தே பத்து நாள் போயிற்று.

உன் அம்மா வந்த அன்றுதான் அது நடந்தது. கல்யாணம் முடித்து ஊரில் விட்டுவிட்டு வந்தவளைக் கூப்பிட்டிருந்தேன். மெட்ராஸிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து எங்கள் தீவுக்குப் படகு. பதினொரு மணி வாக்கில் படகின் ஊதல் கேட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஹரிபதோவிடம் ஒரு வார்த்தை, "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தாலே போதும், அவர் பார்த்திருப்பார். நான் ஓடினேன். படகுத்துறை ஜெட்டியில் உன் அம்மா டிரங்குப் பெட்டியோடு இறங்கி நின்றாள். என்னைப் பார்த்து, "ஏன் இப்படி எண்ணெயும் அழுக்குமா வந்து நிக்கிறீங்க?" என்றாள். அவள் அந்தத் தீவில் பேசிய முதல் வார்த்தை அது. அவள் பெட்டியை நான் தூக்கித் தோளில் வைத்தபோது மில் சத்தம் நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை, வெட்டினாற்போல நின்றது. அதன் பிறகு ஆட்கள் கத்துகிற சத்தம்.

கோடையில் நாலா சுருங்கி, குழாய் வாயை இலை அடைத்திருக்கிறது. தொட்டி வற்றி, இன்ஜின் கொதித்து, பிஸ்டன் உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டது. இன்ஜின் திடீரென்று நின்றதும் தோல் பெல்ட் துள்ளிக் கழன்று ஹரிபதோவின் முதுகில் அறைந்தது. அவர் முன்னால் சரிந்தார். ரம்பம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. வலது கையில் கட்டை விரல் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் மரத்தூளில் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பானி, பானி" என்று தண்ணீர் கேட்டார். உன் அம்மா என் பின்னாலேயே ஓடி வந்தாள். கட்டியிருந்த புதுப் புடவையின் முந்தானையைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவளைக் கொண்டுவந்த படகே அவரைப் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

எல்லாரும் ஜெட்டிக்குப் போன பிறகு நான் இன்ஜின் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். கம்பியை ஆணியிலிருந்து அவிழ்த்துவிட்டேன். நோட்டைத் திறந்தேன். மணி அப்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. இன்ஜின் நின்றபின்னும் பன்னிரண்டு மணிக்கு எழுபது என்று எழுதியிருந்தது. ரப்பரை எடுத்து அந்த வரியை மட்டும் அழித்தேன். அதுவரை நான் செய்தது சோம்பல். ரப்பரைக் கையில் எடுத்ததிலிருந்து அது வேறு.

முதலாளி நோட்டைப் பார்த்தார். ஏழிலிருந்து பதினொன்று வரை எழுபது, எழுபத்தொன்று, எழுபது. "சூடு சரியாத்தான் இருந்திருக்கு. அவன்தான் பச்சை மரத்தை அவசரமாத் தள்ளியிருக்கான், இன்ஜின் மூச்சடைச்சு நின்னுருச்சு" என்றார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. அதுவே போதுமானதாக இருந்தது. ஹரிபதோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது மில்லில் அவருக்கு வேலை இல்லை. தன் தவறால் இன்ஜினைக் கெடுத்தவன் என்று பேராகிவிட்டது. நிலத்துக்குப் போனார். நாலு விரல் இல்லாத கையால் ஏர் பிடிக்க முடியாது. ஏரை அவர் மனைவி பிடித்தார்.

எட்டு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. உன் அம்மா போய் வந்துகொண்டிருந்தாள். பாஷை தெரியாமலே அந்தப் பெண்ணோடு பழகிவிட்டாள். ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில் கேட்டாள். "அந்த அண்ணன் பேரச் சொன்னாலே தட்டுல கை கழுவிட்டு எந்திரிச்சிடுறீங்க. என்ன சங்கதி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா உக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மணி, கம்பி, நோட்டு, ரப்பர். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? வெரல் போனது எனக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை போனேன். ஹரிபதோ வயல் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையால் நாற்று முடிச்சுக் கட்டிக்கொண்டிருந்தார். "பைட்டோ" என்று பக்கத்தில் இடம் காட்டினார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை முடிச்சைக் கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"முஜே மாலும் தா, டிரைவர். தெரியும். அன்னிக்குக் காலையிலே தொட்டிப் பக்கம் போனேன். கம்பி ஆணியிலே கட்டி இருந்துச்சு. நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யார்கிட்ட? நோட்புக்ல உன் கை எழுதி வெச்சிருக்கு, எழுபது, எழுபது, எழுபது. என் பேச்சு பெரிசா, நோட்புக் பெரிசா?" அடுத்த முடிச்சை எடுத்தார். "நீ வருவேன்னு பாத்தேன். ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் பாக்கிறத விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. "இங்கே அழாதே. அங்கே போய்ச் சொல்லு" என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "எட்டு மாசமா மனுசன் சோறு திங்கிற மாதிரி எப்படிடா தின்னே?" என்றார். நோட்டை எடுத்து வரச் சொன்னார். நான் ஐந்து வரியையும் மையால் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். ஆறாவது இடத்தில் 'எழுதியதை அழித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை அன்றே வெளியே அனுப்பினார். ஹரிபதோவைத் திரும்பக் கூப்பிட்டு, பலகை எண்ணிக் குறிக்கும் வேலை கொடுத்தார். அவர் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். நாங்கள் போர்ட் பிளேரில் டெலானிபூருக்கு வந்து, ஒரு பட்டறையில் ஃபிட்டராக நான் முதலிலிருந்து தொடங்கினேன். உனக்குத் தெரிந்த அப்பா அங்கிருந்துதான் தொடங்குகிறான்.

இதை எழுதுவதால் உன்னைக் கண்டிக்கிறேன் என்று நினைக்காதே. உன் கம்ப்யூட்டர் யார் கையையும் வெட்டாது, எனக்குத் தெரியும். அதிகம் போனால் அது கெடும். ஆனால் அதில் இருப்பது யாரோ ஒருவரின் கல்யாணம். மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியாதது. சூடு ஏறி ஏறி இறங்கினால் பாதி வேலையில் ஃபைல் கெட்டுப்போகும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதனால் இப்போதைக்கு இதைச் செய். அலமாரிக் கதவைக் கழற்றச் சொல்லு. மாமனார் வருத்தப்படுவார் என்றால், "பின்பக்கம் பலகையை எடுத்துடலாம் மாமா, காத்து போகட்டும்" என்று கேள், மனுஷர் நல்லவராகத்தான் தெரிகிறார். அங்கே உப்பளத்துத் தூசி, மாதம் ஒருமுறை போதாது. விசிறியையும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகட்டையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சுத்தம் பண்ணு. கப்பலில் குலுங்கிப் போயிருக்கிறது. தகடு அசைந்திருக்கலாம். சூட்டைத் தகட்டுக்குக் கடத்துகிற பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு ஓர் அரிசி அளவு புதிதாக வை, அள்ளி அப்பாதே. வேகத்தை இரண்டு படி இறக்கி, டைரியில் முதலிலிருந்து தொடங்கு. நம் வீட்டுக் கணக்கு நம் வீட்டோடு போயிற்று, அந்த அறைக்குப் புதுக் கணக்கு எழுது. மத்தியானம் இரண்டு மணிக்கு, முழு வேலை ஓடும்போது பார். தானாக அணைவது கடைசிக் காவல். அதை நம்பி ஓட்டாதே. அந்தப் பீப் சத்தத்தைத் திரும்பப் போடு. அது அடிக்கடி கத்தினால் அதில் தப்பில்லை, உன் வேகத்தில்தான் தப்பு. வீட்டில் கேட்டால், "இது கத்தினா நான் மாடிக்கு ஓடணும்" என்று சொல்லிவிடு. மருமகளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியட்டும். ஏழு மணி நேரம் ஆனால் ஆகட்டும். கேட்கிறவர்களிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை.

ஹரி காக்கு என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆறு வருஷம் எங்களுக்குள் ஒரு கடிதம் கிடையாது. நான் டெலானிபூர்ப் பட்டறையில் இருக்கும்போது ஒரு நாள் காலை, சாக்கில் சுற்றிய ஒரு பம்ப் இன்ஜினைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். வயலுக்குத் தண்ணீர் இறைக்க வாங்கியது, சூடேறி நின்று போகிறது என்றார். மாயாபந்தரிலேயே இரண்டு ஃபிட்டர்கள் இருந்தார்கள். அவர்களைத் தாண்டி, கப்பலேறி வந்திருந்தார். "இதுக்காக இவ்வளவு தூரம் வரணுமா தாதா?" என்று வங்காளிகளின் அண்ணன் முறை சொல்லிக் கேட்டேன்.

"அங்கே இருக்கிறவங்க எல்லாம் சரியாயிருச்சுன்னு சொல்லிட்டாங்க. நீ பாத்துச் சொல்லு" என்றார்.

கழற்றினேன். அன்று முழுக்க ஆனது. அவர் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் உன் அம்மா சோறு அனுப்பியிருந்தாள், ரசமும் இருந்தது. இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

உன் அப்பா